மிஷினக்கா

“காசைப் போட்டுட்டு அந்தப் பிள்ள என்ன பண்ணுச்சு டீச்சர்?”

மிஷினைத் திறப்பதற்கு முன்பே அவர் என்னிடம் கேட்டது இது.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுந்தாலும், முட்டியைப் பேர்த்துக்கொண்டாலும், வகுப்பு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். அதனால் கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் நாப்கின் மிஷின் மாட்டியபோது அதன் பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தது. ஐந்து ரூபாய்க் காசைப் போட்டுக் குமிழைத் திருகினால் ஒரு நாப்கின் விழும். மாட்டிய கொஞ்ச நாளிலேயே அது காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கத் தொடங்கியது. பழனிசெட்டிபட்டியில் இருந்த டீலருக்குப் போன் போட்டேன். “மெக்கானிக்க அனுப்புறோம்” என்றார்கள். தோளில் கறுப்பு ரெக்சின் பை, முகமெல்லாம் பஸ் தூசி, முழங்கைவரை இழுத்துவிட்ட ஜாக்கெட். வந்து நின்றவர் என் வயதை ஒட்டிய ஒரு பெண்.

“என்ன பண்ணியிருக்கும், கிளாசுக்குப் போயிருக்கும்” என்றேன்.

“எதை வச்சுக்கிட்டுப் போச்சு?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கவில்லை. கடைசியாகக் காசைப் போட்டு ஏமாந்த ரஹ்மத் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். மிஷினை உடைத்ததாகச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து அவள் வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“குமிழத் திருகுனேன்க்கா. திரும்பல. ரெண்டு தட்டுத் தட்டுனேன். பெல் அடிச்சிருச்சு. கர்சீப்ப மடிச்சு வச்சுக்கிட்டு ஓடிட்டேன்.”

அவர் மிஷினைத் திறந்தார். உள்ளே ஒரு காசு மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் இன்னொன்று. மேலே இருந்ததை எடுத்து முந்தானையில் துடைத்து ரஹ்மத்தின் கையில் வைத்தார்.

“இது என் காசுதானான்னு தெரியலையேக்கா.”

“நீ போட்டேன்னு சொல்றேல்ல. அப்பச் சரி.”

அந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் மிஷினக்கா. நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். 

அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மிஷினுக்குள் உள்ளங்கை அகலத்தில், இரண்டு தகடுகளை ஒட்டவைத்தது போல ஒரு அமைப்பு இருக்கும். டீலர் கடையில் அதைக் காயின் செலக்டர் என்பார்கள். அக்கா அதை ‘வாய்’ என்பார். காசு முதலில் ஒரு சின்னத் தொட்டிலில் விழுகிறது. எடை சரியாக இருந்தால் தொட்டில் சாய்ந்து காசை உருளவிடும். இல்லாவிட்டால் அப்படியே வெளியே தள்ளிவிடும். உருண்டு வரும் வழியில் ஒரு காந்தம். இரும்புத் துண்டைப் போட்டு ஏமாற்றப் பார்த்தால் அது பிடித்துக்கொள்ளும். அதையும் தாண்டி வந்தால் கடைசியில் ஒரு முளை. நல்ல காசு அதில் பட்டு எகிறி உள்பக்கம் விழும். மற்றது இந்தப் பக்கம் விழுந்து வெளியே இருக்கும் கிண்ணத்துக்கு வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், ஐந்து ரூபாய் என்பது ஒரே காசு இல்லை. பழைய தடித்த வெள்ளைக் காசு கையில் கனக்கும். பிறகு வந்தது இளைத்துப்போன எவர்சில்வர் காசு. அப்புறம் மஞ்சள் காசு. எவர்சில்வர் காசைக் கண்டால் காந்தம் விடாது. எங்கள் மிஷினில் நடந்தது அதுதான். காந்தம் ஒரு காசைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் போட்டதெல்லாம் அதன் முதுகில் மோதிக்கொண்டு நின்றது. சிக்கிய காசை வெளியே தள்ளும் பொத்தானும் வேலை செய்யவில்லை. வழியெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். சாறு ஒட்டின கையோடு கொடுத்த காசு அப்படியே மிஷினுக்குள் போயிருக்கிறது.

“எண்ணெய் விட்டா வழுக்கிக்கிட்டுப் போகாதாக்கா?” என்று கேட்டேன்.

“ஐயையோ. எண்ணெய் விட்டா இங்கன அடிக்கிற காத்துக்கு ஊர்ப் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கிரும்.”

பழைய டூத் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தார். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு மிஷின் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். எங்கள் ஆயாம்மா அதில் துடைப்பத்தை மாட்டி மாட்டி அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நேராக்கிவிட்டு, திருகைத் தளர்த்திக் காந்தத்தைப் பின்னால் தள்ளினார். பிறகு பையிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, எல்லா வகை ஐந்து ரூபாயையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் போயின. தேய்ந்து சிங்கமுகம் தெரியாமல் போன ஒன்றுகூடப் போனது.

“இவ்வளவு தள்ளி வச்சா, நட்டுக்கடியில போடுற இரும்பு வாசரப் போட்டாலும் உள்ள போயிருமே?” என்றேன்.

“போகும் டீச்சர். நாலு வாசர் போனாப் போகட்டும். ஒரு நல்ல காசு திரும்பி வந்து விழுந்துரக் கூடாது. அந்தப் பிள்ளைட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.”

வேலை முடிந்ததும் அவர் கிளம்பவில்லை. இடைவேளை மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளை வந்து காசு போட்டு எடுத்துக்கொண்டு போனதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத்தான் பையை மாட்டினார். எப்போது வந்தாலும் அப்படித்தான். அதனாலேயே பஸ்ஸைத் தவறவிடுவார்.

வாசர் போகும் என்று சொன்னது வீண் போகவில்லை. ஒரு நாள் மிஷினுக்குள் காசு சேரும் உண்டியலைத் திறந்தபோது காசோடு காசாகச் சைக்கிள் வாசர்கள் கிடந்தன. தலைமையாசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. நாப்கின் வாங்கத் தன் சம்பளத்திலிருந்து பணம் போட்டவர்.

“இந்த வயசுல வாசரப் போட்டா வேலை நடக்கும்னு பழகுனா, நாளைக்கு என்னத்தப் பண்ண மாட்டாளுக? டைட் பண்ணி வைங்கம்மா.”

“வெளையாட்டுக்கா போடுவாக? தேவைதானம்மா” என்றார் அக்கா.

“தேவைன்னா எங்கிட்டக் கேக்கட்டும். பி.டி. டீச்சர்ட்டக் கேக்கட்டும். திருட வேணாம்.”

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்காவும் எதிர்த்துப் பேசவில்லை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே பிள்ளைகள் காசைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். போட்டால் திரும்பி விழுகிறதாம். திரும்பவும் போன். திரும்பவும் அக்கா வந்தார். தளர்த்தினார். போகும்போது தலைமையாசிரியை எதிரே வந்து, “டைட்டாத்தான வச்சிருக்கீக?” என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம்.

“இல்லம்மா. தளத்தித்தான் வச்சிருக்கேன். காசு விழுகலன்னு பிள்ளைக சொல்றாக. அப்ப நெசமாத்தான இருக்கும்?”

தலைமையாசிரியை “என்னமோ செய்யிங்க” என்று போய்விட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: “நல்ல மனுசிதான். ஆனா இந்தம்மாவ யாரும் ஏமாத்தாம விட்டாத்தான் அதிசயம்.”

வாசர் போட்ட பெண் தானாகவே அக்காவிடம் வந்து சொன்னாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். சைக்கிள் கடைக்காரர் மகள். நான் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கழிப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசியது காதில் விழுந்தது.

“எச்.எம். கிட்டச் சொல்லிருவீகளாக்கா?”

“சொல்லல. ஆனா இனிமே போடாத ஆத்தா. அது காந்தத்துல ஒட்டிக்கிச்சுன்னு வையி, ஒனக்குப் பின்னால வர்ற பிள்ளைக்கு ஒண்ணும் கெடைக்காது. அது என்ன பண்ணும்?”

அந்தப் பெண் அழுதாள். அதன் பிறகு வாசர் விழவில்லை. அக்கா அதை ஒரு வெற்றியாக என்னிடம் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

யார் எதைச் சொன்னாலும் நம்புவார். அதைப் பார்க்கப் பல நாள் சிரிப்பாக இருக்கும். சில நாள் எரிச்சலாக இருக்கும். ஒருமுறை ஆண்டிபட்டியில் என் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது தேனி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்து, பர்ஸைத் தொலைத்துவிட்டேன், மதுரைக்குப் போகணும் என்றான். மிஷினக்கா உடனே பையைத் திறந்து பணம் கொடுத்தார். அவன் போனதும், “பாவம், போன மாசமும் இப்படித்தான் தொலைச்சுட்டு நின்னாரு” என்றார்.

“போன மாசமும் இதே ஆளா?”

“ஆமா டீச்சர்.”

“அப்ப ஏமாத்துறான்னு தெரியலையா?”

“ரெண்டு தடவ தொலைக்கக் கூடாதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். முகத்தில் கேலி இல்லை. அந்த ஆள் மதுரை பஸ் பக்கமே போகாமல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்ததை நான் கையைக் காட்டிச் சொன்னேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. போடி பஸ் வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அவர் திரும்பிப் பார்க்காததை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணவரைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு மதியம். நான் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் ஜீப் டிரைவர். விடியற்காலையில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிற வேலை. ஒரு நாள் ஆட்கள் வேறு ஜீப்பில் வந்தார்கள். இவர் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருப்பதாக ஊரே சொன்னது.

“நீங்க என்ன நெனைக்கிறீக?” என்றேன்.

“சரியான வேல அமையலைன்னு சொன்னாக டீச்சர். அமைஞ்சதும் வருவாக.”

“எத்தன வருசமா அமையல?”

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். கணவர் கூட இருந்த காலத்தில் அவர் ஒரு மில்லில் வேலை பார்த்திருக்கிறார். கணவர் போன பிறகு, மகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று டீலர் கடையில் மிஷின் பாகங்களைப் பூட்டும் வேலைக்குச் சேர்ந்து, பூட்டத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரியும் என்று ஊர் ஊராக அனுப்பப்பட்டவர். ஒற்றை ஆளாக மகளை வளர்த்து மதுரையில் நர்சிங் சேர்த்துவிட்டார்.

அந்த வருசமே கணவர் திரும்பி வந்தார்.

எனக்கு அது தெரிந்தது அவர் நெற்றியைப் பார்த்து. பெரிய குங்குமம். “வந்துட்டாக டீச்சர்” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் காந்தத்தைத் திருகும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

“மக என்ன சொல்லுது?”

பாட்டு நின்றது. “அது வர மாட்டேங்குது. அவரு இருக்கிற வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிருச்சு. சின்னப் பிள்ள. சரியாகிரும்.”

சரியாகவில்லை. லீவுக்கெல்லாம் மகள் ஹாஸ்டலிலேயே இருந்தாள். அக்கா மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ஹாஸ்டல் வாசலில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வருவார். 

பிறகு அந்தச் சாவி விஷயம் நடந்தது. பள்ளிகள், விடுதிகள், மில்கள் என்று பல இடங்களில் இருக்கிற மிஷின்களின் சாவியெல்லாம் ஒரே கொத்தாக அக்காவின் பையில் இருக்கும். ஒரு வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் போய்ப் பாத்துட்டு வர்றேன், நீ படு என்று கணவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மிஷினக்கா வீட்டுக்காரர் என்று எல்லோரும் உள்ளே விட்டார்கள். போன இடமெல்லாம் உண்டியலைத் துடைத்துவிட்டார். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மில் விடுதியில் வார்டன் சந்தேகப்பட்டு டீலருக்குப் போன் போட, விஷயம் வெளியே வந்தது. டீலர் கூப்பிட்டு விசாரித்தபோது அக்கா, “நான்தான் எடுத்தேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது” என்றிருக்கிறார். போலீசுக்குப் போகவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு பையன் வந்தான். பத்து நிமிடத்தில் திருகை இறுக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பிள்ளைகள் மறுபடி என் வாசலில் நின்றார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். அன்று மதியமே வந்து, பள்ளியில் இருந்த சாவியால் மிஷினைத் திறந்து தளர்த்தினார். பஸ் காசு கொடுத்தேன். வாங்க மறுத்தார்.

“நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

“கேட்டிருந்தா நானே எங்கிட்ட இருக்கிறதக் குடுத்திருப்பேன். அவருக்குக் கேக்கக் கூச்சம்.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “வேலையக் கெடுத்தவருக்கு வக்காலத்து வாங்குறீகளே, ஒங்களுக்குக் கோவமே வராதாக்கா?”

அவர் காந்தத்தின் திருகைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “கோவப்பட்டு என்ன பண்ணச் சொல்றீக? கதவத் தெறந்தா உள்ள யாராச்சும் இருக்கணும்ல டீச்சர்.”

என் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள்.

அதன் பிறகும் நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார்; வேலை முடிந்ததும் தன் காசைப் போட்டு ஒரு நாப்கின் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். சோதித்துப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை இரண்டு எடுத்தார். முகம் வெளுத்திருந்தது. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்ட பிறகுதான் சொன்னார். பல மாதமாக ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

“டாக்டர்ட்டப் போனீகளா?”

“மெடிக்கல் ஷாப்புல கேட்டேன். இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், தானா நின்னுரும்னு சொன்னாக.”

அவர்கள் சொன்னார்கள், இவர் நம்பினார். அடுத்த நாள் நானே தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பையில் புற்று. பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் வாரம் கணவர் கூடவே இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கஞ்சி வாங்கி வந்து ஊட்டினார். தலை சீவிவிட்டார். நான் அவரை வெறுக்கத் தயாராகப் போயிருந்தேன். அவர் ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, “ஒங்களப் பத்தி நெறையாச் சொல்லும் டீச்சர்” என்றார். பிறகு டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அதிகம் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னார். அன்று சாயங்காலம் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனவர் திரும்பவில்லை.

“தோட்டத்துல கணக்கு முடிக்க வேண்டியது இருக்கும். வந்துருவாக” என்றார் அக்கா. பக்கத்துப் படுக்கை அம்மாள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மகளுக்கு நான்தான் போன் போட்டேன். படிப்பை முடித்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரிக்குள் வந்துவிட்டாள். ஒல்லியான பெண். அம்மாவின் கைதான் அவளுக்கும், நீளமான விரல்கள். வந்ததும் அழவில்லை. அம்மாவைப் புரட்டிப்போட்டு முதுகைப் பார்த்தாள். விரிப்பை மாற்றினாள். டியூட்டி நர்ஸிடம் போய் என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்டாள். எல்லாம் சரியாகச் செய்தாள். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் வராந்தாவில் நான் அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மாவ எல்லாரும் நல்லவுகன்னு சொல்றாக, இல்லையா டீச்சர்?”

“ஏன்மா, இல்லையா?”

“யாரு சொன்னாலும் நம்பும். என்னையத் தவிர.”

அவள் பத்தாவது படித்தபோது நடந்ததைச் சொன்னாள். அவளுக்கென்று செய்துவைத்த கம்மல் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அப்பா பெட்டியைத் திறந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனதை அவள் படுக்கையில் இருந்து பார்த்தாள். அம்மாவிடம் சொன்னாள். சாயங்காலம் அவர் வந்ததும் அம்மா கேட்டாள். நான் எதற்கு எடுக்கிறேன், இவள்தான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போய்த் தொலைத்திருப்பாள் என்றார் அவர். அம்மா மகளைப் பார்த்து, “எங்கயாச்சும் வச்சு மறந்திருப்ப பாப்பா, நல்லா யோசி” என்றாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவள் கம்மலைத் தொலைத்துவிட்டு அப்பன் மேல் பழி போட்டவள் ஆனாள். அடுத்த மாதம் அவர் மலைக்கு அந்தப் பக்கம் போனபோது, பெற்ற மகளே திருடன் என்று சொன்னதால்தான் போய்விட்டார் என்றும் பேசினார்கள். 

“அம்மா அதயும் மறுத்துப் பேசல டீச்சர்” என்றாள்.

அந்த அம்மாவுக்கு வாசர் போட்ட பிள்ளைகூடத் திருடியாகப் படவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. மகள் ஈரத் துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகலாமா என்று யோசிக்கும்முன் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“பாப்பா. அந்தக் கம்மல அவருதான் எடுத்தாரு.”

துணி நின்றது.

“நீ பாத்த அன்னைக்கு நானும் முழிச்சுத்தான் கெடந்தேன். பெட்டி தெறந்த சத்தம் கேட்டுச்சு. கண்ண மூடிக்கிட்டேன்.”

“தெரிஞ்சுமாம்மா?”

“தெரியும்.”

“எல்லார் முன்னாடியும் என்னையப் பொய்க்காரியாக்கிட்டியேம்மா. தெரிஞ்சுமா?”

அக்கா மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. “நீ எங்கயும் போக மாட்டேன்னு நெனச்சேன். என்ன சொன்னாலும் நீ எம் பிள்ளதான. அவரு போயிருவாருன்னு பயமா இருந்துச்சு.”

அந்த வார்டில் நாற்பது ஐம்பது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மகள் திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, விட்ட இடத்திலிருந்து துடைத்து முடித்தாள். டிரிப் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள்.

“சரி. பேசாமத் தூங்கு.”

பிறகு படிக்கட்டுப் பக்கம் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். அக்கா அதுவரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அந்த வெள்ளைச் சட்டைக்காரனைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாரே, அவரைப் பற்றி நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தது என்ன? உலகத்தை நம்புகிற வெள்ளந்தி என்றுதானே. அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. யார் பொய் சொல்கிறார்கள் என்பது எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் தனியாகிவிடுவோம் என்று பயந்து, தெரியாதது போலவே வாழ்ந்து தீர்த்திருக்கிறார். அதற்கான விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

அந்த வாரம் தாண்டவில்லை. மகள் பக்கத்தில் இருக்கும்போதுதான் உயிர் போனது.

பழனிசெட்டிபட்டியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் எல்லாம் நடந்தது. டீலர் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள். எங்கள் தலைமையாசிரியை மாலையோடு வந்து, ஒரு ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவரின் போன் அணைத்தே கிடந்தது. கொள்ளி வைக்க ஒரு சித்தப்பா மகனைப் பிடித்தார்கள்.

எல்லாம் முடிந்து, வீட்டைக் காலி செய்கிற நாளில்தான் அவர் வந்தார். நானும் உதவிக்குப் போயிருந்தேன். தாடியும் அழுக்குச் சட்டையுமாக வாசலில் நின்று ஓவென்று அழுதார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தேற்றினார்கள். அந்த அழுகை பொய் என்று என்னால் சொல்ல முடியாது. மகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அழுது முடிக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஆத்தா, அம்மா கடைசியா என்னையக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றாள். “வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.”

ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கிச் சாக்குக்குள் வைத்து வாயைக் கட்டினாள். சாமான்களை ஆட்டோவில் ஏற்றினோம். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போவதா, எழுந்து வருவதா என்று அவருக்கும் தெரியவில்லை போல. ஆட்டோ டிரைவர் வண்டியைக் கிளப்பும்முன் திரும்பிப் பார்த்தான்.

“அப்பாவும் வாராகளாம்மா?”

“அது எங்கம்மாவோட வீட்டுக்காரரு” என்றாள் மகள். “நீங்க எடுங்கண்ணே. மதுர பஸ்ஸப் பிடிக்கணும்.”